குற்றக் கணக்கும் கூற்றும்: காந்தி மார்க்கெட்டை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

தோற்றுவாய்

ஒரு நகரின் வரலாற்றை எழுதப் புகுவோர் ஆற்றையும் கோயிலையும் கோட்டையையும் முதலில் சொல்வர். அங்காடியைச் சொல்வோர் சிலர். காவல் நிலையத்துப் பதிவேட்டை வரலாற்று மூலமாகக் கொண்டு பேசுவோர் மிகச் சிலரே. ஆயினும் ஒரு நகரத்து மக்கள் எதற்கு அஞ்சினர், யாரிடம் முறையிட்டனர், எதை வாய்விடாமல் பொறுத்துக்கொண்டனர் என்பனவற்றை அப்பதிவேடு போலக் காட்டும் ஆவணம் வேறில்லை.

‘அந்தக் காலத்தில் திண்ணையில் படுத்து உறங்கினோம், இன்று கதவைப் பூட்டினாலும் உறக்கம் வருவதில்லை’ என்னும் பேச்சு ஒவ்வொரு தலைமுறையிலும் முதியோர் வாயில் வருவதுண்டு. ஆண்டுதோறும் குற்றப் புள்ளிவிவரம் வெளியாகும்போது ‘குற்றங்கள் பெருகின’ என்றோ ‘குறைந்தன’ என்றோ நாளிதழ்கள் தலைப்பிடுகின்றன. இவ்விரண்டையும் சேர்த்து வைத்துக் காலம் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டுவதும், காலம் திருந்திவிட்டது என்று மகிழ்வதும் எளிது. அவ்வாறு முடிவு கட்டுவதற்கு முன், அந்த எண் எவ்வாறு பிறந்தது என்று கேட்டறிதல் வேண்டும்.

செய்யுளைப் பயில்வோர்க்கு இக்கேள்வி புதிதன்று. தொல்காப்பியச் செய்யுளியல் கூற்று, கேட்போர், களன், காலம், எச்சம் முதலியவற்றைச் செய்யுளின் உறுப்புகளாக எண்ணுகிறது. பாட்டு யார் கூற்று, கேட்டவர் யார், நிகழ்ந்த களம் எது, காலம் எது, சொல்லாமல் விட்டது எது என்று வினவிய பின்னரே உரையாசிரியர்கள் பொருள் கூறினர். குற்றக் கணக்கும் ஒருவகைக் கூற்றே. அதற்கும் இவ்வுரைமுறை பொருந்தும் என்பதைத் திருச்சிராப்பள்ளிக் காந்தி மார்க்கெட்டையும் அதைச் சூழ்ந்த நகரத்தையும் முன்வைத்துக் காண்பது இக்கட்டுரையின் நோக்கம்.

களன்

மலைக்கோட்டைக்குத் தென்கிழக்கே அமைந்த இவ்வங்காடி 1868-ஆம் ஆண்டு கோட்டைச் சந்தையாகத் தோன்றியது. திருச்சிராப்பள்ளி நகராட்சி அமைந்தது 1866-இல். ஆகவே நகராட்சியும் சந்தையும் ஏறத்தாழ ஒத்த வயதின. கோட்டை மதில் இடிக்கப்பட்டு அகழி தூர்ந்த இடத்தில் புலிவார்டு சாலைகள் அமைந்தன. மதிலுக்குள் அடங்கியிருந்த ஊர் வெளியே விரிந்தபோது அவ்விரிவின் நடுவே சந்தை நின்றது. 1927-இல் சந்தை விரிவாக்கம் பெற்றுக் காந்தியடிகளின் பெயரைத் தாங்கியது. அருகில் முதல் உலகப் போரின் நினைவுச் சின்னம் இன்றும் நிற்கிறது.

இவ்வங்காடி இரவில் விழித்திருப்பது. வெளியூர்களிலிருந்து வெங்காயமும் உருளைக்கிழங்கும் காய்கறியும் லாரிகளில் வந்து இறங்குவதும், கமிஷன் மண்டிகளில் விலை பேசப்படுவதும், சுமைதூக்கும் தொழிலாளர் மூட்டைகளைச் சுமப்பதும் ஊர் உறங்கும் நேரத்தில் நிகழ்வன. பொழுது விடிந்தபின் சில்லறைக் கடையும் தரைக்கடையும் எழும். பணம் கைமாறும் இடம், கூட்டம் நெருங்கும் இடம், ஒருவரை ஒருவர் அறியாதார் கூடும் இடம் ஆகிய மூன்றும் ஒன்றாக அமைந்த இடத்தில் களவும் நிழல்போல் வந்து சேரும். ‘முடிச்சவிழ்க்கி’, ‘முடிச்சுமாறி’ என்னும் பழஞ்சொற்கள், மடியில் முடிந்த காசை அவிழ்ப்பவனைச் சுட்டுவன. அதே தொழிலுக்குப் பின்னர் ‘ஜேப்படி’ என்றும் ‘பிக்பாக்கெட்’ என்றும் பெயர் மாறியது. சட்டைப்பை வந்ததும் சொல்லும் மாறிற்று.

ஆனால் அங்காடியில் நிகழும் தீங்கெல்லாம் காவல் நிலையக் கணக்கில் ஏறுவதில்லை. எடையைக் குறைத்து விற்பதும் பிறர் பொருளைக் கவர்வதே. கொள்வதும் மிகை கொள்ளாது கொடுப்பதும் குறைகொடாத வணிகரைப் பட்டினப்பாலை போற்றுவதிலிருந்து, அவ்வறம் பிறழ்வதும் அன்றே உண்டு என உய்த்துணரலாம். இக்காலத்தில் எடைக்குறைவை 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டத்தின்கீழ்த் தமிழ்நாட்டில் தொழிலாளர் துறையினர் ஆய்வு செய்கின்றனர். ஆகவே ஒரு கூடைக்காரியின் மடியிலிருந்து எடுத்த நூறு ரூபாய் நகரின் குற்ற எண்ணிக்கையில் சேரக்கூடும்; அவளிடம் நாள்தோறும் எடையில் குறைத்த நூறு ரூபாய் அதில் சேர்வதில்லை. களம் எது என்பதிலேயே கணக்கின் முதல் எல்லை தொடங்கிவிடுகிறது.

கேட்போர்

குற்றம் எண்ணிக்கை ஆவதற்குக் கேட்பவர் ஒருவர் வேண்டும். அக்கேட்போர் காலந்தோறும் மாறி வந்துள்ளனர்.

உறையூர்ச் சோழர் அவையம் அறத்துக்குப் பேர்பெற்றதென்று சங்கப் பாடல்கள் கூறும். சோழர் காலக் கல்வெட்டுகளில் ‘பாடிகாவல்’ என்னும் ஊர்க்காவல் உரிமையும் அதற்குரிய வரியும் பேசப்படுகின்றன. பத்தாம் நூற்றாண்டு உத்தரமேரூர்க் கல்வெட்டுப் பிறர் பொருளைக் கவர்ந்தவர் குடவோலையில் இடம்பெறலாகாது என்று விதிக்கிறது. குற்றத்தைக் கேட்பதும் தீர்ப்பதும் ஊராரிடமே பெரும்பாலும் இருந்தன.

பிற்காலத்தில் தென் மாவட்டங்களில் காவல் என்பது பரம்பரை உரிமையாயிற்று. காவற்காரருக்கு ஊரார் விளைச்சலில் பங்கும் கட்டணமும் தந்தனர். களவு போயின் பொருளை மீட்டுத் தருவதோ ஈடுசெய்வதோ காவற்காரர் கடமை. இம்முறையின் நிழலாக வளர்ந்ததே ‘துப்புக்கூலி’. மாடு களவு போனவுடன் உரியவர் அரசாங்கத்தை நாடமாட்டார். இடையாள் ஒருவர் வருவார். ஒரு தொகை பேசப்படும். தொகை கொடுத்தபின் குறித்த இடத்தில் மாடு கட்டப்பட்டிருக்கும். களவு நிகழ்ந்தது, தண்டம் கட்டப்பட்டது, பொருளும் மீண்டது. ஆனால் எந்த ஏட்டிலும் அது வழக்காகவில்லை. 1878-இல் லூயி மூர் எழுதிய திருச்சிராப்பள்ளி மாவட்டக் கையேடும், 1907-இல் ஹெமிங்வே எழுதிய விவரச்சுவடியும் ஆங்கில அதிகாரிகளின் கண்கொண்டு இம்மாவட்டத்தைப் பார்த்த நூல்கள். அத்தகைய நூல்களைப் படிப்போர் அவற்றின் குற்ற எண்களுக்குப் பின்னே எண்ணப்படாத மாடுகளும் நின்றன என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

கும்பினி ஆட்சியில் வரி தண்டுவதும் குற்றம் விசாரிப்பதும் ஒரே அலுவலர் கையில் இருந்தன. அதனால் விளைந்த கொடுமைகளை ஆராய அமைந்த சென்னை மாகாணச் சித்திரவதை விசாரணைக் குழு 1855-இல் அறிக்கை அளித்தது. எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் ஆகிய மூவர் அக்குழுவினர். வரிக்காகவும் ஒப்புதல் வாக்குமூலத்துக்காகவும் குடிகள் வதைக்கப்பட்டனர் என்பதை அவ்வறிக்கை வெளிப்படுத்தியது. அதன்பின் 1859-ஆம் ஆண்டின் 24-ஆம் சட்டம் வருவாய்த் துறையிலிருந்து பிரிந்த புதிய காவல் துறையை மாகாணத்தில் தோற்றுவித்தது. இன்று நாம் காணும் காவல் நிலையமும் ஆண்டறிக்கையும் எண் அட்டவணையும் அதன் வழிவந்தவை. கோட்டைச் சந்தை கட்டப்பட்டபோது அப்புதிய காவல் துறைக்கு வயது ஒன்பது.

வதைத்தவரே கேட்பவராக இருந்த காலத்தில் முறையீடு எவ்வாறு எழும்? புதிய துறை தோன்றிய பின்னரும் அவ்வச்சம் உடனே நீங்கிவிடவில்லை. 1902-இல் அமைக்கப்பட்ட ஆண்ட்ரூ ஃபிரேசர் தலைமையிலான காவல் ஆணையம், அலுவலரின் திறமையை எண் கொண்டு அளக்கும் வழக்கத்தைக் கண்டித்தது. எண் குறைந்தால் பாராட்டு என்னும் நிலையில், எண்ணைக் குறைக்க எளிய வழி முறையீட்டைப் பதிவு செய்யாமை. ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டு கழித்து, 1977-இல் தர்ம வீரா தலைமையில் அமைந்த தேசியக் காவல் ஆணையமும் இதே குறையைப் பேச வேண்டியிருந்தது. கைது செய்தற்குரிய குற்றம் பற்றிய தகவல் வந்தால் முதல் தகவல் அறிக்கை பதிவது கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் இலலிதா குமாரி வழக்கில் 2013 நவம்பர் 12-ஆம் நாள் தீர்ப்பளித்தது. சட்டத்தில் முன்பே உள்ளதை உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு மீண்டும் வலியுறுத்த நேர்ந்தது என்பதே நிலைமையை உணர்த்தும்.

தமிழ்நாட்டு மக்கள் நன்கறிந்த ‘சி.எஸ்.ஆர்.’ சீட்டு ஈண்டுக் கருதத்தக்கது. முறையீடு செய்தவர் கையில் ஒப்புகைச் சீட்டு கிடைக்கும். அது முதல் தகவல் அறிக்கை ஆகாது. சீட்டு வழக்காக மாறினால்தான் குற்ற எண்ணிக்கையில் இடம்பெறும். சொல்லியும் எண்ணப்படாத கூற்றுகள் இவ்வாறு உண்டு.

காலம்

குற்ற எண்ணிக்கையின் நீண்டகாலப் போக்கில் உண்மையான ஏற்ற இறக்கங்களே இல்லை என்று இதனால் கொள்ளலாகாது. பசியும் விலையும் களவைக் கூட்டியமைக்குச் சான்றுண்டு. 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய பெரும் பஞ்சத்தின்போது கூட்டுக்கொள்ளை பெருகி, விளைச்சல் மீண்டபின் தணிந்தது. சென்னை மாகாணக் காவல் துறையின் வரலாற்றை ஆராய்ந்த டேவிட் ஆர்னால்டு, தானிய விலைக்கும் கொள்ளைக்கும் உள்ள உறவை எடுத்துக்காட்டியுள்ளார். 1918-இல் போரினால் விலை ஏறியபோது மாகாணத்தின் பல ஊர்களில் அரிசிக் கடைகளும் சந்தைகளும் சூறையாடப்பட்டன. செப்டம்பரில் சென்னை நகரிலும் அது நிகழ்ந்தது. காந்தி மார்க்கெட் அருகே நிற்கும் நினைவுச் சின்னம் அப்போரில் மாண்ட வீரரை நினைவூட்டுவது. அதே போரின் விலையேற்றத்தால் பசித்தவர்க்கோ, வழக்கேடு தவிர வேறு நினைவுச் சின்னம் இல்லை.

எனினும் காலம் மாறும்போது குற்றம் என்பதன் எல்லையும் மாறுகிறது. இதற்கு மதுவிலக்கைக் காட்டிலும் தெளிவான சான்று தமிழகத்தில் இல்லை. இராசாசி அமைச்சரவை 1937 அக்டோபர் முதல் நாள் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியது. 1948-க்குள் அது மாகாணம் முழுதும் பரவியது. 1971 ஆகஸ்டில் தளர்த்தப்பட்டது. 1974-இல் மீண்டும் வந்தது. 1981-இல் கடைகள் திறந்தன. 1983-இல் டாஸ்மாக் நிறுவனம் தோன்றியது. 2003 நவம்பரில் சில்லறை விற்பனையும் அதன் கைக்கு வந்தது. பனையேறி இறக்கிய கள் முதல் நாள் உணவு, மறுநாள் குற்றம், பிறிதொரு நாள் அரசின் வருவாய்க்குப் போட்டி. அவன் கையும் பானையும் மாறவில்லை. அவன் மீதான கணக்கு மட்டும் மாறியது. இரண்டாம் உலகப் போர்க்கால உணவுக் கட்டுப்பாட்டின்கீழ் மூட்டை அரிசியை அனுமதியின்றி எல்லை கடத்துவது குற்றமாயிற்று. மண்டிக்காரருக்கு முந்தைய தலைமுறையில் அதன் பெயர் வணிகம்.

செயல் குற்றமாக மாறியமைக்கும் மேலாகப் பிறப்பே குற்றமாகக் கொள்ளப்பட்ட காலமும் உண்டு. 1871-ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரையினர் சட்டம், 1911-ஆம் ஆண்டுத் திருத்த வடிவில் சென்னை மாகாணத்துக்கு வந்தது. அதன்கீழ் அறிவிக்கப்பட்ட சமூகத்தார் கைரேகை பதிய வேண்டும். இரவில் காவல் நிலையத்திலோ குறித்த இடத்திலோ தலைகாட்ட வேண்டும். ஊர்விட்டு ஊர் செல்லச் சீட்டுப் பெற வேண்டும். தவறினால் அதுவே குற்றம். மகளைப் பார்க்கச் சீட்டில்லாமல் அயலூர் சென்ற தந்தையும் எண்ணிக்கையில் ஒருவரானார். அவ்வெண்ணிக்கை அச்சமூகத்தாரைக் குற்றவாளிகள் என்று மேலும் மெய்ப்பிக்கப் பயன்பட்டது. இச்சட்டத்தை எதிர்த்து 1920 ஏப்ரல் 3-ஆம் நாள் மதுரைக்கு மேற்கே பெருங்காமநல்லூரில் திரண்டோர் சுட்டுக் கொல்லப்பட்டனர். சென்னை மாகாணத்தில் 1947-இலும், இந்திய ஒன்றியம் முழுவதிலும் 1952-இலும் சட்டம் நீக்கப்பட்டது. சட்டம் போனபின்னும், ஒரு களவு நிகழ்ந்தவுடன் சில குடியிருப்புகளை நோக்கிக் கண் திரும்பும் வழக்கம் போக நெடுங்காலம் ஆயிற்று. முற்றும் போயிற்று என்று சொல்லவும் இயலாது. எண்ணை உரையின்றிப் படிப்பதால் நேரும் கேட்டை இதனினும் வெளிப்படையாகக் காட்டும் நிகழ்ச்சி நம் வரலாற்றில் அரிது.

வகுக்கும் எண்

குற்ற வீதம் என்பது பதிவான வழக்குகளை மக்கள்தொகையால் வகுத்து, இலட்சம் பேருக்கு இத்தனை என்று கூறுவது. வகுபடும் எண்ணைப் பற்றிப் பேசுவோர் வகுக்கும் எண்ணை மறந்துவிடுகின்றனர்.

1901-இல் திருச்சிராப்பள்ளி நகரின் மக்கள்தொகை 1,04,721. 1991-இல் அது 3,87,223. பத்தே ஆண்டுகளில், 2001-இல், 7,52,066 ஆயிற்று. ஊரார் இரட்டித்துவிட்டனரா? இல்லை. 1994-இல் திருவரங்கம், பொன்மலை நகராட்சிகளையும் இணைத்துக்கொண்டு திருச்சிராப்பள்ளி மாநகராட்சியாயிற்று. 1997-இல் மாநகரக் காவல் ஆணையரகம் அமைந்தது. அதுவரை நகரக் காவல் நிலையங்கள் மாவட்டக் கண்காணிப்பாளரின்கீழ் இருந்தன. ஆகவே 1990-ஆம் ஆண்டின் ‘திருச்சி’யும் 2000-ஆம் ஆண்டின் ‘திருச்சி’யும் பெயரால் ஒன்று, பரப்பால் வேறு. இரண்டையும் ஒரே கோட்டில் இணைத்து வரைந்தால், அக்கோடு குற்றத்தின் போக்கைக் காட்டாது. எல்லைக்கல் நகர்ந்ததைத்தான் காட்டும்.

இந்திய அளவிலும் இந்நிலை உண்டு. இந்தியக் குற்றப் புள்ளிவிவரத் தொகுதி 1953 முதல் ஆண்டுதோறும் வெளிவருகிறது. 1986-இல் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் தோன்றி அப்பணியை ஏற்றது. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் திருச்சி நகர்த்திரள் 10,22,518 மக்களைக் கொண்டிருந்ததால், பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட 53 பெருநகரங்களின் பட்டியலில் இடம்பெற்றது. 2016 முதல் இருபது இலட்சத்துக்கு மேற்பட்ட நகரங்களே அப்பட்டியலில் கொள்ளப்பட்டன. திருச்சி அதிலிருந்து நீங்கியது. பட்டியலில் ஏறியதற்கும் இறங்கியதற்கும் குற்றமோ அமைதியோ காரணமன்று.

அங்காடியைப் பொறுத்தவரை வேறொரு சிக்கலும் உண்டு. மணப்பாறையிலிருந்தோ துறையூரிலிருந்தோ காய்கறி ஏற்றிவந்த உழவர் ஒருவர் காந்தி மார்க்கெட்டில் பணப்பையை இழந்தால் வழக்கு திருச்சிக் கணக்கில் ஏறும். அவரோ திருச்சி மக்கள்தொகையில் இல்லை. வைகுண்ட ஏகாதசிக்குத் திருவரங்கத்தில் திரளும் அடியார் கூட்டமும் அவ்வாறே. நாள்தோறும் வந்து போவோர் மிகுந்த நகரம், தன் குடிகளை மட்டும் கொண்டு வகுக்கும்போது உள்ளதினும் கொடியதாகத் தோன்றும்.

2020-ஆம் ஆண்டு தரும் பாடம்

இவ்வுண்மைகளையெல்லாம் ஓராண்டு ஒருங்கே காட்டியது. 2019-இல் தமிழ்நாட்டில் இந்தியத் தண்டனைச் சட்டத்தின்கீழ்ப் பதிவான வழக்குகள் 1,68,116. 2020-இல் அவை 8,91,700. ஐந்து மடங்குக்கும் மேற்பட்ட பெருக்கம். நூறாண்டு கழித்து இவ்விரண்டு எண்களை மட்டும் காணும் ஆராய்ச்சியாளர், அவ்வாண்டில் தமிழகம் சூறையாடப்பட்டது என்றே எண்ணக்கூடும்.

நடந்தது யாது? கொரோனாத் தொற்றினால் ஊரடங்கு. தெருக்கள் வெறிச்சோடின. காந்தி மார்க்கெட் மூடப்பட்டு, மொத்த வணிகம் பொன்மலை ஜி கார்னர் திடலுக்கு மாற்றப்பட்டது. வெளியே வந்தோர்மீது, அரசு அலுவலரின் ஆணையை மீறியமைக்கான 188-ஆம் பிரிவின்கீழ் வழக்குகள் பாய்ந்தன. அப்பிரிவில் இந்திய அளவில் 2019-இல் 29,469 வழக்குகள், 2020-இல் 6,12,179. அதே ஆண்டில் களவு வழக்குகள் நாடு முழுவதும் கால்பங்கு அளவுக்குக் குறைந்தன. குற்ற வரைகோடு விண்ணை முட்டிய ஆண்டில், முடிச்சவிழ்ப்போனுக்கு முடிச்சே அகப்படவில்லை.

நம்பத்தகுந்த எண் எது?

பிரான்சு நாட்டில் கெரி 1833-இலும், பெல்சியத்துக் கெத்தலே 1835-இலும் குற்ற எண்களைக் கொண்டு சமுதாயத்தை ஆராய்ந்த நாள் முதல், கொலையே ஓரளவு நம்பத்தகுந்த எண் என்று அறிஞர் கருதி வந்துள்ளனர். களவை மறைக்கலாம்; உயிரற்ற உடலை மறைப்பது அரிது. இங்கிலாந்தில் 13-ஆம் நூற்றாண்டில் இலட்சம் பேருக்கு ஏறத்தாழ இருபதாக இருந்த கொலை வீதம் 20-ஆம் நூற்றாண்டில் ஒன்று அளவுக்குத் தாழ்ந்தது என்று டெட் குர் 1981-இல் மதிப்பிட்டார். நியூயார்க்கு நகரில் 1990-இல் 2,200-க்கு மேற்பட்ட கொலைகள். 2017-இல் 300-க்கும் குறைவு. இந்தியாவில் 1992-இல் 40,105 கொலை வழக்குகள் பதிவாயின; 2022-இல் 28,522. இடையில் மக்கள்தொகை பெரிதும் பெருகியும் எண்ணிக்கை குறைந்துள்ளமையின், வீதம் பாதிக்கும் கீழாயிற்று. தமிழ்நாட்டில் 2019-இல் 1,745, 2022-இல் 1,690. காலம் கெட்டுவிட்டது என்போர் இவ்வெண்களையும் நோக்குதல் வேண்டும்.

எனினும் கொலைக் கணக்கிலும் எச்சம் உண்டு. 1970-களிலும் 1980-களிலும் ‘ஸ்டவ் வெடித்து இளம்பெண் சாவு’ என்னும் செய்தி நாளிதழ்களின் மூலையில் அடிக்கடி வந்தது. அடுப்பு ஏன் மருமகள்மீதே வெடித்தது என்று கேட்டோர் பெண்கள் அமைப்பினரே. 1983-இல் கணவன் வீட்டாரின் கொடுமையைக் குற்றமாக்கும் 498-அ பிரிவு வந்தது. மணமாகி ஏழாண்டுக்குள் இறந்த பெண்ணின் சாவு பற்றி, நம் மக்கள் ‘ஆர்.டி.ஓ. விசாரணை’ என்று சொல்லும் விசாரணைக்கும் அவ்வாண்டே வழி பிறந்தது. 1986-இல் வரதட்சணைச் சாவு தனிக்குற்றமாயிற்று. அதன்பின் அக்குற்றத்தின் எண் ஏறியது. முன்னர் அது சுழியாக இருந்தது. சுழியாக இருந்த காலம் பெண்களுக்கு நற்காலம் என்று யாரே கூறுவர்?

கூற்று

இவ்விடத்தில் குற்ற எண்ணின் ஏற்றத்தை வேறுவகையாகப் படிக்க வேண்டியதாகிறது. தமிழ்நாட்டில் 1973-இல் பெண்கள் காவல் பணியில் சேர்ந்தனர். 1992-இல் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் சென்னை ஆயிரம் விளக்கில் திறக்கப்பட்டது. பின்னர்ப் பிற ஊர்களிலும் பரவியது. 1993-இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சாசனத் திருத்தத்தால் உள்ளாட்சியில் பெண்களுக்கு இடஒதுக்கீடு கிடைத்தது. அதன்பின் பெண்களுக்கு எதிரான குற்றங்களின் பதிவு உயர்ந்ததைப் பொருளியல் ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். கொடுமை பெருகியதைக் காட்டிலும், சொல்லும் துணிவும் கேட்கும் செவியும் பெருகியதே அதற்குக் காரணம் என்பது அவர்தம் முடிவு. கல்வியிலும் நலவாழ்விலும் முன்நிற்கும் கேரளம் குற்ற வீதப் பட்டியலிலும் பல்லாண்டு மேல்வரிசையில் நின்றதற்கும் இதுவே பெரும்பாலும் விளக்கமாகும். அங்கு மக்கள் காவல் நிலையப் படியேற அஞ்சுவது குறைவு.

ஆகவே எண் ஏறுவது சில வேளைகளில் நலத்தின் அறிகுறி. எண் இறங்குவது சில வேளைகளில் அச்சத்தின் அறிகுறி. எவ்வேளை எது என்பதை எண் தானே சொல்லாது.

எச்சம்

சிலப்பதிகாரக் கொலைக்களக் காதை இதற்கு ஏற்றதோர் உரையாக அமைகிறது. கோவலன் சிலம்பு விற்கச் சென்றது மதுரையின் கடைவீதிக்கே. அங்கே அவன் கண்டது அரண்மனைப் பொற்கொல்லனை. அரசியின் சிலம்பைக் கவர்ந்தவன் அப்பொற்கொல்லன். ‘கள்வன் அகப்பட்டான்’ என்று அரசனிடம் சொன்னவனும் அவனே. காவலர் ஐயுற்றபோது களவு நூல் கூறும் துணைகள் எட்டையும் எடுத்துரைத்து அவரை ஒப்பச் செய்தவனும் அவனே.

அன்று பாண்டியன் அவையில் குற்றப் பதிவேடு ஒன்று இருந்திருப்பின் அதில் என்ன எழுதப்பட்டிருக்கும்? களவு: ஒன்று. பொருள்: மீட்கப்பட்டது. குற்றவாளி: அன்றே பிடிபட்டான். தண்டனை: அன்றே நிறைவேறியது. புள்ளிவிவரத்தின் அளவுகோலில் அது குறையற்ற வழக்கு. நகரின் குற்ற வீதத்திலும் துப்புத் துலக்கலிலும் மதுரைக்கு அன்று முதலிடமே கிடைத்திருக்கும். அக்கணக்கைத் திருத்தியது ஒரு பெண்ணின் கூற்று. கண்ணகி அவைக்கு வந்து சிலம்பை உடைத்துக் காட்டியிராவிடின், கோவலன் கள்வனாகவே எண்ணப்பட்டிருப்பான். பொற்கொல்லன் எண்ணப்படாமலே இருந்திருப்பான். பாண்டியனிடத்தும் ஒரு பெருமை உண்டு. முறையீட்டைக் கேட்டான், கேட்டுத் தன் கணக்குத் தவறென்று ஏற்றான்.

நிறைவாக

ஒரு பெருநகரின் குற்ற வீதம் ஒன்றரை நூற்றாண்டாக எவ்வாறு ஏறி இறங்கியது என்பதை அறிய விழைவோர், அதில் நால்வகை இழைகள் பின்னிக் கிடப்பதை உணர்தல் வேண்டும். மக்கள் உண்மையில் இழைத்த தீங்கு ஒன்று. சட்டம் குற்றமென்று வரைந்த எல்லை மற்றொன்று. எண்ணுவதற்கும் வகுப்பதற்கும் கொண்ட ஊரெல்லை மூன்றாவது. பாதிக்கப்பட்டவர் சொல்ல, அதிகாரம் கேட்ட அளவு நான்காவது. இவற்றுள் முதலாவதை மட்டுமே கண்டதாக எண்ணிக்கொண்டு மற்ற மூன்றையும் மறப்பதால் காவலருக்கும் தீங்கு, குடிகளுக்கும் தீங்கு. எண் குறைய வேண்டும் என்னும் நெருக்கடி ஒருபுறம் முறையீட்டாளரைத் திருப்பி அனுப்பச் செய்கிறது. எண் மிகுந்தது என்னும் கூச்சல் மறுபுறம் எளியோர் குடியிருப்பை நோக்கி விரல் நீட்டச் செய்கிறது.

காந்தி மார்க்கெட்டில் இரவு முழுதும் மூட்டை சுமந்து, விடியலில் கூலியை எண்ணி முடிந்துகொள்ளும் தொழிலாளி, அக்கூலியை இழந்தால் காவல் நிலையத்துக்குச் செல்வாரா, அன்றி ‘போனது போயிற்று’ என்று அடுத்த லாரியை நோக்கி நடப்பாரா என்பது ஒரு நகரின் நிலையை அளக்கச் சிறந்த அளவுகோல். அவர் சென்று முறையிட்டு, அங்கு அமரச் சொல்லிக் கேட்டு, எழுதிக்கொள்ளப்பட்டால் அவ்வாண்டின் குற்ற எண்ணிக்கையில் ஒன்று கூடும். அந்த ஒன்று வருந்தத்தக்கதன்று.

அவர் செல்லாவிடின் அது எச்சமாக நிற்கும். அவ்வெச்சத்தை உணர்ந்து சொல்வது கணக்கர்க்கு இயலாதபோது, புலவர்க்கு உரியதாகிறது. பத்தாண்டுகளாகச் சொல்லைப் பேணிவரும் இலக்கிய வட்டத்தார்க்கு இக்கடமையை நினைவூட்டுதல் மிகையாகாது.